நடுக்கம் கையில் மட்டுமா?

1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயைப் பற்றி எழுதியபோது, புலனும் அறிவும் கெடுவதில்லை என்றார். இருநூறு வருஷம் கழித்தும் நாம அங்கேயேதான் நிற்கிறோம்.

புளியறையில் ஒரு தாத்தாவுக்குக் கை நடுங்கினால் பஸ் ஏற்றித் தென்காசிக்குக் கூட்டிப்போவோம். அவரே பேச்சை நிறுத்திவிட்டுத் திண்ணையில் முடங்கினால், ‘வயசாயிட்டுல்லா, அப்படித்தான் இருக்கும்.’ மூலையில் சின்னப் பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று சொன்னால் மந்திரிக்கக் கூட்டிப்போவோம்.

டோபமைன் குறைந்தால் கைகால் மட்டுமா தடுமாறும்? ஆசை, உற்சாகம் எல்லாம் அதோடு சேர்ந்தவைதானே! பல பேருக்கு மனச்சோர்வும் பதற்றமும் நடுக்கத்துக்குச் சில வருஷம் முன்னாடியே வந்துவிடுகின்றன. வராத நடுக்கத்தை நினைத்து யாரும் கவலைப்பட முடியாது; அந்தச் சோர்வும் நோயின் பாகம்தான். இல்லாத உருவங்கள் தெரிவதற்கு நோயும் காரணமாகலாம், சாப்பிடும் மாத்திரையும் காரணமாகலாம். டாக்டரிடம் சொன்னால் மருந்தை மாற்றிப் பார்ப்பார். நாமே நிறுத்தினால் ஆபத்து.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீடு தேடி வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிறது. கை நடுங்குகிறவரிடம் ‘மனசு எப்படி இருக்கு, ஏதாவது கண்ணுல தெரியுதா’ என்று கேட்பதையும் அதில் கட்டாயமாக்க வேண்டும். இதற்கு ஸ்கேன் மெஷின் எதுவும் தேவையில்லை.