ஓரெழுத்து மாறிய பெட்டி



சென்ற மாதச் சம்பளம் போட்ட மறுநாள் காலை, எங்கள் பள்ளிக்கூட வாசலில் ஒரு தாயார் காத்திருந்தார். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குபவர். கையில் ஒரு சிறு வெள்ளைப் பெட்டி. காதில் செருகிக்கொண்டு பாட்டுக் கேட்கும், கம்பியில்லாத கருவி.

"சார், பாசார் மாலாம்ல முப்பத்தஞ்சு வெள்ளின்னு கொடுத்தான். கடையில இது அறுநூறு வெள்ளியாம், பையன் சொல்றான். இது ஒரிஜினல்தானா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பெயர் சரியாகத்தான் இருந்தது. விலைதான் சரியாக இல்லை. அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தால் 'போலி' என்று பட்டென்று சொல்லவும் மனம் வரவில்லை. ஏனென்றால் அப்படி ஒரு பெட்டி எங்கள் வீட்டுக்கும் ஒரு முறை வந்தது. அந்தக் கதையை இம்மாதம் உங்களுக்குச் சொல்கிறேன்.

அதற்கு முன், அசல் பெட்டியின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1979-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஜப்பானில் சோனி நிறுவனம் 'வாக்மேன்' என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான இபுக்கா, நீண்ட விமானப் பயணங்களில் பாட்டுக் கேட்க விரும்பினார். நிருபர்கள் வைத்திருந்த சிறிய ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை எடுத்து, பதிவு செய்யும் உறுப்பை நீக்கிவிட்டு, இரு காதுக்கும் தனித்தனியே ஒலி தரும்படி மாற்றிக் கொடுத்தார்கள். பதிவு செய்ய முடியாத பெட்டியை யார் வாங்குவார்கள் என்று நிறுவனத்துக்குள்ளேயே சந்தேகம். ஆனால் தலைவர் மொரித்தா விடவில்லை. முதலில் செய்த 30,000 பெட்டிகளும் ஆகஸ்டு முடிவதற்குள் விற்றுத் தீர்ந்தன.

விலை 33,000 யென். அந்நாள் கணக்கில் 300 வெள்ளிக்கு மேல். பால்மரம் சீவிப் பிழைத்த குடும்பம் அந்த விலைக்கு ஒரு பாட்டுப் பெட்டி வாங்குமா? யோசித்துப் பாருங்கள். அங்கேதான் மற்றவர்களுக்கு வழி பிறந்தது.

கேசட் என்பது சோனியின் சொத்தல்ல. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்டது அது. கேசட்டின் அளவுகளை மற்ற நிறுவனங்களும் கட்டணமின்றிப் பயன்படுத்திக்கொள்ளப் பிலிப்ஸ் பிற்பாடு இடங்கொடுத்தது. ஆகவே கேசட் பாடும் பெட்டியை யாரும் செய்யலாம். 'வாக்மேன்' என்ற பெயரை மட்டுந்தான் எடுத்துக்கொள்ளக் கூடாது. சில ஆண்டுகளுக்குள் பல ஜப்பானிய நிறுவனங்கள் தத்தம் பெயரில் போட்டிக்கு வந்தன. அவற்றின் பின்னே, பெயரே தெரியாத மலிவுப் பெட்டிகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. நம்மவர்களோ எல்லாவற்றையும் 'வாக்மேன்' என்றே அழைத்தோம். நாம் மட்டுமா? ஆஸ்திரிய நாட்டு உச்ச நீதிமன்றமே 2002-இல் அது பொதுச்சொல் ஆகிவிட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

இப்போது எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். ஆண்டு 1991. எனக்குப் பதினோரு வயது. அண்ணன் வெளிக்காட்டு வேலைக்குப் போய் முதற் சம்பளம் வாங்கினார். அன்று மாலை பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில் கூடிய சம்பளச் சந்தையில் 25 வெள்ளி கொடுத்து ஒரு 'வாக்மேன்' வாங்கி வந்தார். அட்டைப் பெட்டியில் பளபளவென்று ஒரு பெயர். அதைப் பெரிய நிறுவனத்தின் பெயரென்றே எல்லாரும் வாசித்தோம். ஓரெழுத்து மாறியிருந்தது ஒரு வாரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது.

ஆனாலும் அந்தப் பெட்டியை நான் ஏளனம் செய்ய மாட்டேன். லயத்தில் இருபது வீட்டுப் பிள்ளைகளும் முறை வைத்து அதில் இளையராஜா பாட்டுக் கேட்டோம். முன்னோக்கி ஓட்டும் விசை இருந்தது. பின்னோக்கி ஓட்டும் விசை இல்லை. கேசட்டைத் திருப்பிப் போட்டு ஓட்டி, மறுபடி திருப்பிப் போட வேண்டும். பேட்டரி தீராமல் இருக்கப் பேனாவைச் செருகிச் சுற்றுவோம். அசலை மட்டும் நம்பியிருந்தால் எங்கள் லயத்துக்கு அந்தச் சுகம் எட்டியே இராது.

மலிவுப் பெட்டியின் குறை வெளியே தெரியாது, வாசகர்களே. உள்ளே இருக்கிறது. நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் என்ற ஒரே வேகத்தில் ஓட வேண்டும். ஒரு மெல்லிய இரும்புத் தண்டும் ரப்பர் உருளையும் நாடாவை இழுத்து விடும். மற்றொரு சக்கரம் அதைச் சுருட்டிக்கொள்ளும். நல்ல பெட்டியில் கனமான சுழற்சக்கரமும் தரமான ரப்பர் வாரும் இருக்கும். மலிவுப் பெட்டியில் அவற்றில்தான் காசைப் பிடிப்பார்கள். சுருட்டும் சக்கரம் தளர்ந்து நின்றுபோனாலும், உருளை நாடாவை விடுவதை நிறுத்தாது. அப்போது நாடா முழுதும் பெட்டியின் வயிற்றுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் ஒரு கேசட் இருந்தது. எங்கள் ஆயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி வந்த கதையைத் தம் குரலிலேயே சொல்லி, கடைசியில் ஒரு தாலாட்டும் பாடியிருந்தார். 1986 தீபாவளிக்கு வந்த மாமா பதிவு செய்து கொடுத்தது. ஆயா 1989-இல் காலமாகிவிட்டார். அந்தக் கேசட்டைத் துணியில் சுற்றி, சாமி மாடத்துக்குக் கீழே வைத்திருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஆசையாக அதை எடுத்துப் பெட்டியில் போட்டு, அப்பாவின் காதில் மாட்டிவிட்டார். அப்பா லயத்துப் படியில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் நெற்றியைச் சுருக்கினார். "ஆயா குரல் ஆம்பிளைக் குரலாட்டம் இழுக்குதே" என்றார். அடுத்த கணம் சத்தம் நின்றது. மூடியைத் திறந்தால் நாடா இடியாப்பமாகச் சுற்றிக் கிடந்தது. பதற்றத்தில் அண்ணன் இழுக்க, அறுந்தும் போயிற்று. ஒட்டிப் பார்த்தோம். கப்பல் கதையில் பாதிதான் மிஞ்சியது. தாலாட்டு போயே போய்விட்டது.

அப்பா கோபிக்கவில்லை. "கேட்ட வரைக்கும் போதும்டா" என்றார். அண்ணன்தான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. 25 வெள்ளிப் பெட்டி என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அதன் உண்மையான விலை அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஆசிரியர் போலியைத் திட்டத்தான் இவ்வளவும் எழுதினாரோ" என்று நினைக்காதீர்கள். பார்த்துச் செய்வது வேறு, ஏமாற்றுவது வேறு. பெரியவர்களும் பிறர் எண்ணத்தின் மேல் ஏறித்தான் நிற்கிறார்கள். இடுப்பில் கட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கும் கருவிக்கு ஆண்ட்ரியாஸ் பாவெல் என்பவர் 1977-லேயே இத்தாலியில் உரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தார். சோனி அவரோடு நெடுங்காலம் வழக்காடி, 2000-களின் தொடக்கத்தில் சமரசம் செய்துகொண்டது. ஆப்பிள் நிறுவனத்தின் ஐபாட் 2001-இல் வந்து உலகை ஆண்டது. அதில் பாட்டுகளை வகை பிரித்துத் தேடும் முறை தன்னுடையது என்று சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2006-இல் ஆப்பிள் அதற்குப் பத்துக் கோடி அமெரிக்க டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. நம் பக்கத்து ஊர்ச் சிறிய நிறுவனம் பெரிய நிறுவனத்திடம் வாங்கிய தொகை அது!

ஆகவே, தன் சொந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு மலிவாக விற்கும் பொருளை வாங்குவதில் இழுக்கில்லை. பிறர் பெயரைத் திருடிப் போட்டு விற்பவன்தான் நம்மை ஏமாற்றுகிறான். செய்தவன் பெயரே இல்லாத பொருள் கெட்டுப்போனால் யாரிடம் போய்க் கேட்பது?

சாமான் வாங்குமுன் இவற்றை நினைவில் வையுங்கள். விலையைப் பார்ப்பதோடு, அந்தப் பொருளை நம்பி எதை ஒப்படைக்கப் போகிறீர்கள் என்றும் பாருங்கள். பத்து வெள்ளி விளையாட்டுச் சாமான் உடைந்தால் பத்து வெள்ளிதான் நட்டம். பத்து வெள்ளி சார்ஜரில் கைப்பேசியைச் செருகினால், அதிலுள்ள கல்யாணப் படங்களையும், காலமானவர்களின் குரலையும் அதனிடம் ஒப்படைக்கிறீர்கள். மின்சாரத்தில் செருகும் சாமானில் சிரிம் வில்லை இருக்கிறதா என்று பாருங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். அருமையான படங்களையும் குரல்களையும் இன்னோர் இடத்திலும் ஒரு படி எடுத்து வையுங்கள்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு முடங்காதீர்கள். பொய்ப் பெயர் போட்டு விற்பது நம் நாட்டில் 2011-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனுச் செய்யலாம். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், 1969 முதல் இயங்கிவரும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

ஜப்பானில் கேசட் வாக்மேன் தயாரிப்பு 2010-இல் நின்றது. ஐபாட் 2022-இல் நின்றது. எங்கள் ஓரெழுத்து மாறிய பெட்டி எந்தக் குப்பையில் கிடக்கிறதோ! அறுந்த கேசட் மட்டும் இன்றும் அண்ணன் வீட்டு மாடத்தில் இருக்கிறது. மிஞ்சிய பாதிக் கதையை இப்போது கைப்பேசியில் ஏற்றிவிட்டோம், இரண்டு இடங்களில்.

அந்தத் தாயாரிடம் என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். "அம்மா, இது அசல் இல்லை. பாட்டுக் கேட்கும், கேட்கட்டும். ஆனால் அறுநூறு வெள்ளிச் சாமான் என்று பையனை நம்பவிடாதீர்கள். உங்கள் சம்பளத்தில் முப்பத்தைந்து வெள்ளிக்கு எத்தனை கிலோ பழம் பொறுக்க வேண்டும் என்று அவனையே கணக்குப் போடச் சொல்லுங்கள்" என்றேன். மறுநாள் பையன் கணக்கைப் போட்டுக்கொண்டு வந்தான். விடை சரி. முகந்தான் கொஞ்சம் வாடியிருந்தது.

அடுத்த இதழில் சந்திப்போம்.