மொழியை வேலியாக்கிய சட்டம்

மொழி மனிதரை இணைக்கும் பாலம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். அதே மொழியை முள்வேலியாக நட்டு, அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு கண்டத்தையே அடைத்து வைத்த வரலாறும் உண்டு. மொழியன்பர்கள் அதனை அறிதல் வேண்டும்; அறிந்து சினத்தலும் வேண்டும்.

1901ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி பிறந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் குடிவரவுத் தடைச் சட்டமும் பிறந்தது. தோலின் நிறத்தைப் பற்றி அச்சட்டம் வாய் திறக்கவில்லை. வந்திறங்குபவர், அதிகாரி சொல்லச் சொல்ல, ஐரோப்பிய மொழி ஒன்றில் ஐம்பது சொற்கள் எழுத வேண்டும் என்றது. எம்மொழி என்பது அதிகாரியின் விருப்பம். ஆங்கிலம் கற்று வந்த ஆசியர்க்கு அவர் அறியாத வேறொரு மொழியை நீட்டலாம். ஜப்பானின் மனக்குறையைத் தணிக்க 1905இல் ‘ஐரோப்பிய’ என்ற சொல்லை நீக்கினர், நடைமுறையோ மாறவில்லை. 1909ஆம் ஆண்டிற்குப் பின் அத்தேர்வில் தேறியவர் ஒருவரும் இலர். எவரும் தேறக்கூடாது என்பதற்காகவே வைக்கப்படுவது தேர்வாகுமா?

இச்சூழ்ச்சியின் வேர் நேட்டாலில் உள்ளது. 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாக இறக்கிக்கொண்ட அந்நாடு, இந்தியர் தாமாக வருவதைத் தடுக்க 1897இல் ஐரோப்பிய மொழியறிவை நிபந்தனையாக்கியது. வெளிப்படையான நிறத்தடையை விரும்பாத பிரிட்டிஷ் அமைச்சர் ஜோசப் சேம்பர்லின், அம்முறையைப் பிற குடியேற்ற நாடுகளுக்கும் பரிந்துரைத்தார். கரும்புத் தோட்டத்திற்குக் கை வேண்டும், நாட்டிற்கு மனிதன் வேண்டா என்பதே இதன் பொருள்.

‘அன்றைய மக்கள் மனம் அத்தகையது, சட்டம் அதன் நிழலே’ என்பர் சிலர். இதனை மறுக்கிறோம். ஜப்பானியரின் தீய குணங்களன்று, அவர்தம் அயராத உழைப்பும் ஆற்றலுமே ஆபத்தானவை என்று ஆல்ஃபிரட் டீக்கின் 1901இல் நாடாளுமன்றத்திலேயே வாதிட்டார். தலைவர்கள் அச்சத்தை விதைத்தனர். சட்டம் அதற்கு நீர் பாய்ச்சியது. விளைந்ததைக் காட்டி ‘மக்கள் மனம்’ என்பது முறையோ?

ஆயுதம் ஒரு நிறத்தோடு நிற்பதுமில்லை. 1934இல் போரை எதிர்த்துப் பேச வந்தவர், பிராகாவில் பிறந்த எழுத்தாளர் ஏகோன் கிஷ். ஐரோப்பிய மொழிகள் பல அறிந்த அவரைத் தடுக்க ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் தேர்வு வைத்தனர். அச்சட்டம் கருதும் ஐரோப்பிய மொழி அதுவன்று என்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தம் முன்னோர் மொழி இவ்வாறு சிறுமைப்பட்டதைக் கண்டு ஸ்காட்லாந்து வழியினர் பலர் கொதித்தனர். வேலியாக்கப்படும் மொழி தானும் இழிவுறும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

மனமாற்றமும் தானாகக் கனிந்த கனியன்று. 1958இல் தேர்வு ஒழிந்தது, கொள்கை ஒழியவில்லை. 1960இல் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குழுவொன்று நூல் வெளியிட்டு வாதாடியது. 1965இல் தொழிற்கட்சி ‘வெள்ளை ஆஸ்திரேலியா’ என்பதைத் தன் கொள்கையிலிருந்து நீக்கியது. 1966இல் கதவு சற்றே திறந்தது. 1973இல் விட்லம் அரசு நிறவேற்றுமையை அகற்றியது. 1975இல் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தது. எழுதியும் பேசியும் போராடியோரே அம்மனத்தை மாற்றினர்.

குடியேறுவோர் அந்நாட்டு மொழியைக் கற்க வேண்டும் என்பதை நாம் எதிர்க்கவில்லை, அது நியாயமே. ஆனால் மொழியறிவைக் கேட்கும் ஒவ்வொரு சட்டத்தையும் மூன்று வினாக்களால் உரைத்துப் பார்க்க வேண்டும். எம்மொழி என்று முன்னரே சொல்கிறதா? கற்க வழி செய்கிறதா? கற்றவரை உள்ளே விடுகிறதா? இவற்றுள் ஒன்றற்கேனும் ‘இல்லை’ என்பது விடையாயின், அங்கே காக்கப்படுவது மொழியன்று, வெறுப்பே. தம் மொழியை உயிரென மதிப்போர் அவ்வெறுப்பிற்கு மொழியின் பெயரை இரவல் கொடுத்தல் ஆகாது. எந்நாட்டிலும் ஆகாது, எம்மொழிக்கும் ஆகாது.