பிரிவினையும் பிரஜா உரிமையும்

ராஜ்யங்கள் கூடுவதும் பிரிவதும் சரித்திரத்தில் புதிதன்று. ஆயின், பிரியும் நாளில் எல்லையின் இருபுறமும் வாழும் ஜனங்களின் உரிமை யாதென்று நிர்ணயிக்காமல் விடுவது பெரும் அநீதியாகும். இவ்வுண்மையைச் செட்டிநாடு நன்கறியும். காரைக்குடியில் பர்மாத் தேக்குத் தூண்கள் தாங்கி நிற்கும் மாளிகைகளே இதற்குச் சாட்சி.

1937 ஏப்ரல் 1-ல் பர்மா இந்தியாவினின்றும் பிரிக்கப்பட்டது. ஒரே சர்க்காரின் ஆட்சியில் கடல் கடந்து சென்ற நகரத்தாரும், வயலிலும் துறைமுகத்திலும் உழைத்த தமிழ்த் தொழிலாளரும் அன்று முதல் வேற்று நாட்டாராயினர். குடியேற்றம் பற்றிய ஏற்பாடோ தாற்காலிகமானதே. பின்னர் 1948-ல் நிலமும், 1963-ல் பாங்குகளும், 1964-ல் கடைகளும் தேசவுடைமையாக்கும் சட்டங்களுக்கு உட்பட்டன. லக்ஷக்கணக்கானோர் வெறுங்கையுடன் திரும்பினர்.

பர்மிய விவசாயியின் துயரை நாம் மறுக்கவில்லை. கீழ்ப் பர்மாவின் பிரதான நெல் ஜில்லாக்களில் 1930-ல் நூற்றுக்கு 6 பங்காயிருந்த செட்டியார்களின் நிலவுடைமை, விலை வீழ்ச்சிக்குப் பின் 1938-ல் 25 பங்காயிற்று. நிலம் உழுபவனைச் சேர வேண்டுமென்பது நியாயமே. ஆனால் காணி நிலமுமில்லாத கூலியாள் செய்த குற்றம் என்ன? சொத்துரிமை வேறு; பிறந்து வளர்ந்த ஊரில் வாழும் உரிமை வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கியதே பிழை.

திரும்பியோரில் சிலர் பிழைக்க வழியின்றி, தரைவழியே மீண்டும் பர்மா செல்ல முயன்று, மணிப்பூர் எல்லையிலுள்ள மோரே என்னுமூரில் தங்கினர். கோவிலும் தமிழ்ச் சங்கமும் கண்டு, எல்லை வியாபாரத்தால் வாழ்ந்தனர். 2023-ல் மூண்ட கலகம் அவ்வூரையும் வாட்டிற்று. எல்லையினின்று 16 கிலோமீட்டர் வரை சென்று வர இருந்த சலுகையும் 2024-ல் 10 கிலோமீட்டராகக் குறுக்கப்பட்டது. அப்பாலோ, மியன்மார் எனப் பெயர் மாறிய பர்மாவில், 1982-ஆம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டம், 1823-க்கு முன் குடியேறிய இனத்தாரை ஒரு படியிலும் ஏனையோரைத் தாழ்ந்த படிகளிலும் வைத்தது.

வேறு வழி இல்லையா? 2020 ஜனவரி 31-ல் பிரிட்டன் ஐரோப்பிய யூனியனைவிட்டு விலகியபோது, வட அயர்லாந்து மக்களுக்கு 1998 உடன்படிக்கை உறுதி கூறிய உரிமைகள் விலகலால் குறையலாகாதென்று விலகல் ஒப்பந்தத்திலேயே ஷரத்து எழுதப்பட்டது. அங்குள்ளோர் பிரிட்டிஷ் பிரஜையாகவோ, ஐரிஷ் பிரஜையாகவோ, இரண்டுமாகவோ இருக்கலாம். 1937-ல் பர்மாவைப் பிரித்த அதே பிரிட்டன், நம்மவர்க்கு இத்தகைய நிலைத்த காப்பை வைக்கவில்லை.

காலங்கடந்தாலும் கடமை தீரவில்லை. மியன்மாருடன் சாலை பற்றியும் வியாபாரம் பற்றியும் பேசும் இந்திய சர்க்கார், அங்குள்ள தமிழ்ச் சந்ததியாரின் பிரஜா உரிமையைப் பற்றியும் பேச வேண்டும். மோரே வாசிகளின் உயிருக்கும் தொழிலுக்கும் பாதுகாப்பு அளிக்க வேண்டும். தேசப்படத்தில் கோடு கிழிப்பது எளிது. அக்கோட்டின்மேல் வாழ்வோரைக் காப்பதே ராஜதர்மம்.