சந்திரபாபுவுக்காக அழுதது போதும்

யூட்யூபில் சந்திரபாபு என்று தட்டிப் பாருங்கள். கல்யாணம் முறிந்த கதை, எம்.ஜி.ஆரோடு மோதிய கதை, பாதியில் நின்ற படம், குடி, கடன். கடைசியில் ஒரு நீதி: ‘ஆடுனான், அழிஞ்சான்.’ இதற்குப் பெயர் அஞ்சலியாம். திறமைக்காரன் குனிஞ்சு போகணும் என்று நமக்கு எடுக்கிற பாடம் இது, வேறொன்றுமில்லை.

என் தொழிலில் சர்வர் விழுந்தால் ஏன் விழுந்தது என்று அறிக்கை எழுதுவோம். ஓடிய காலத்தில் அது என்ன செய்தது என்று யாரும் எழுதமாட்டோம். சர்வருக்கு அது போதும். மனுஷனுக்குமா?

1927-ல் தூத்துக்குடியில் ஒரு பரதவர் குடும்பத்தில் பிறந்தவர். ஊரின் பனிமய மாதா பெயரையே சுமந்த பனிமயதாசன். அப்பா சுதந்திரப் போராட்டக்காரர். பையன் வளர்ந்தது கொழும்பில். அப்படிப்பட்டவர் ‘சபாஷ் மீனா’வில் (1958) ரிக்‌ஷாக்காரராகப் பேசும் மெட்ராஸ் பாஷையைக் கேளுங்கள். தூத்துக்குடியோ கொழும்போ எங்கேயும் எட்டிப் பார்க்காது. அதே படத்தில் இன்னொரு வேடமும் அவர்தான். நடை வேறு, தோள் வேறு, வாக்கியத்தை முடிக்கிற வேகம் வேறு. கூட நடிப்பது சிவாஜி கணேசன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படம் 1962-ல் ‘தில் தேரா தீவானா’ என்று இந்திக்குப் போனது. சந்திரபாபுவின் இடத்தில் மெஹ்மூத். சிறந்த துணை நடிகருக்கான ஃபிலிம்ஃபேர் விருது அவருக்குக் கிடைத்தது. மெஹ்மூத் பெரிய கலைஞர், அதில் சண்டையில்லை. ஆனா அங்கே நடிப்பு என்று விருது வாங்கிய வேலைக்கு இங்கே நாம் வைத்திருக்கும் பெயர் இன்னமும் ‘காமெடி’தான்.

அவர் சோகம் பொய்யா? இல்லை. 1974-ல், 46 வயதில் செத்துப்போனார். அந்தச் சாவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். 1966-ல் அவரே இயக்கி நடித்த ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ பற்றி எத்தனை பேர் உருப்படியாகப் பேசியிருக்கிறோம்? வீழ்ச்சியைச் சொல்ல எந்தப் படத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அந்தச் சௌகரியம்தான் காரணம்.

முத்துக்குளிப்புக் காலத்தில் சிப்பிகளைத் திறக்காமலே குவியல் குவியலாக ஏலம் விட்ட கரை அது. வாங்கினவனாவது கொண்டுபோய்த் திறந்து பார்த்தான். நாம் அதையும் செய்யவில்லை. அடுத்த சோக வீடியோவை நிறுத்திவிட்டு ‘சபாஷ் மீனா’வைப் போடுங்கள். அழுவது அப்புறம் இருக்கட்டும்.