புள்ளி காட்டாததை யார் பார்ப்பது?

கலிஃபோர்னியாவின் ஆன்டியோக் அருகே ஒரு வீடு. அதிலிருந்து கொல்லைப்புறம் நோக்கி மின்கம்பிகள் ஓடின. யார் நின்று பார்த்தாலும் கண்ணில் படும். அவை போய்ச் சேர்ந்த மறைவிடத்தில், 1991-இல் கடத்தப்பட்ட ஒரு சிறுமி 18 ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தார். கடத்தியவர் ஏற்கெனவே பாலியல் குற்றத்துக்குத் தண்டனை பெற்றுப் பரோலில் இருந்தவர். 2009 ஆகஸ்டில் பிடிபட்டபோது அவர் காலில் ஓராண்டுக்கு மேலாக ஜிபிஎஸ் பட்டை இருந்தது. ஆள் வீட்டில் இருக்கிறார் என்று கண்காணிப்புத் திரையிலுள்ள புள்ளி சொல்லும். வீட்டில் என்ன செய்கிறார் என்று சொல்லாது. பட்டையின் எச்சரிக்கைகள் பொருட்படுத்தப்படவில்லை, அந்தக் கம்பிகளைத் தொடர்ந்துபோய் எவரும் பார்க்கவில்லை என்று அதே ஆண்டு நவம்பரில் மாநிலத் தலைமை ஆய்வாளரின் அறிக்கை எடுத்துக்காட்டியது.

மின்னணுக் கண்காணிப்பு வேண்டுமா வேண்டாமா என்று நம் துறையில் வாதம் எழும்போதெல்லாம் அந்தக் கம்பிகள்தான் நினைவுக்கு வருகின்றன.

கருவியால் பயனில்லை என்பது நம் கட்சி அல்ல. கலிஃபோர்னியாவில் மீண்டும் குற்றம் செய்யும் அபாயம் மிகுந்த, பாலியல் குற்றத்துக்குத் தண்டனை பெற்ற 516 பரோல்காரர்களை ஒப்பிட்டு 2012-இல் வெளியான ஆய்வில், ஜிபிஎஸ் பிரிவினர் விதிமீறலிலும் மறுகைதிலும் குறைவாகவே சிக்கினர். செலவு நாளொன்றுக்கு ஒருவருக்குச் சுமார் 36 டாலர்; வழக்கமான மேற்பார்வைக்கு 27. ஆனால் அங்கே பட்டை தனியாக நிற்கவில்லை. அலுவலரின் நெருக்கமான மேற்பார்வையும் சேர்ந்தே இருந்தது. அதே மாநிலத்தின் ஆரஞ்சு கவுண்டியில் 2013–14-இல் பெண்களைக் கொன்ற இருவரும் ஜிபிஎஸ் அணிந்திருந்தவர்கள். அந்தத் தரவு அவர்களைப் பிடிக்க உதவியது, பெண்களைக் காக்கவில்லை.

கலிஃபோர்னியாவில் 2006-இல் 70 விழுக்காடு வாக்காளர்கள் ஆதரித்து நிறைவேறிய சட்டம் பாலியல் குற்றவாளிகளுக்கு வாழ்நாள் கண்காணிப்பைக் கொண்டுவந்தது. பள்ளி, பூங்காவிலிருந்து 2,000 அடிக்குள் குடியிருக்கவும் தடை விதித்தது. சான் டியேகோவில் அந்தத் தடைக்குள் வாடகை வீடுகளில் 97 விழுக்காடு அடங்கிவிட்டது. பலர் தெருவுக்கு வந்தார்கள். பட்டையை நாளுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் சார்ஜ் செய்ய வேண்டும். வீடே இல்லாதவர் எந்தச் சுவரோரம் போய் உட்காருவார்? சார்ஜ் தீர்ந்தால் எச்சரிக்கை வரும். உண்மையான ஆபத்தும் அந்த எச்சரிக்கைக் குவியலுக்குள்தான் புதையும். 2015 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் அந்த மாவட்டத்தில் பாலியல் குற்றப் பரோல்காரர்கள் எல்லோர் மீதும் ஒட்டுமொத்தமாக விதிக்கப்பட்ட குடியிருப்புத் தடையை ரத்து செய்தது. அதே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒருவர் உடலில் ஜிபிஎஸ் பட்டை மாட்டுவதே அரசு நடத்தும் சோதனைதான், அது நியாயமானதா என்று ஆராய வேண்டும் என்றது.

பாதிக்கப்பட்டவர் பக்கமிருந்து பார்த்தாலும் பட்டையும் வரைபடமும் மட்டும் போதாது என்ற முடிவுக்குத்தான் வருகிறோம். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களில் மிகப் பெரும்பாலானவற்றைச் செய்பவர்கள் தெரிந்தவர்கள், உறவினர்கள். பள்ளியைச் சுற்றி வரைபடத்தில் போடும் வட்டம் அவர்களைத் தடுக்காது.

இது இனி தொலைதூர விவாதம் அல்ல. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு மாதிரிச் சிறைச் சட்டம், கைதி சம்மதித்தால் கண்காணிப்புக் கருவியுடன் விடுப்பு தர வழி செய்கிறது. 2024 ஜூலையில் நம் உச்ச நீதிமன்றம், ஜாமீனில் இருப்பவரின் நடமாட்டத்தைப் போலீஸ் இடைவிடாமல் பின்தொடரும் வகையில் நிபந்தனை விதிக்கக் கூடாது என்றது. ஆகவே கருவி வாங்குவதற்கு முன்பே நாம் கேட்க வேண்டியவை இவை: ஆளுக்கு ஆள் அபாய மதிப்பீடு, கால வரம்பு, குறித்த இடைவெளியில் மறுஆய்வு, மனநலச் சிகிச்சை, பாதிக்கப்பட்டவருக்கு உடனுக்குடன் தகவல். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓர் அலுவலர் கையில் எத்தனை பேர் என்பதற்கு ஓர் உச்சவரம்பு. கொல்லைப்புறம்வரை நடந்துபோய்ப் பார்க்க அவருக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குப் பணம் ஒதுக்காத அரசு, பட்டைக்கு ஒதுக்கும் பணத்தால் யாரையும் காக்க முடியாது.