கடனைப் பங்கிட்ட குடியரசு

அமெரிக்கா விடுதலையை அறிவித்து 2026 ஜூலை 4-ஆம் தேதியுடன் 250 ஆண்டுகள் நிறைவடைகின்றன. 13 குடியேற்றங்கள் தோளோடு தோள் நின்று ஒரு தேசத்தை உருவாக்கின என்னும் கதை இத்தருணத்தில் பலமுறை சொல்லப்படும். இறக்குமதி வரியும், கூட்டாட்சி அரசுக்கும் மாநிலங்களுக்கும் இடையிலான அதிகார எல்லையும் அங்கே மீண்டும் அன்றாட விவாதமாகியுள்ள நிலையில், அந்தக் கதையின் கணக்குப் புத்தகத்தையும் புரட்டிப் பார்ப்பது பொருத்தமாகும். பொதுநிதியியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு அந்தப் பக்கங்களே அதிகம் பேசுகின்றன.

1781-இல் நடைமுறைக்கு வந்த முதல் கூட்டமைப்பில் நாடாளுமன்றத்துக்கு வரி விதிக்கும் அதிகாரமே இல்லை. போர்க்கடனுக்கு வட்டி கட்டவும் மாநிலங்களிடம் கையேந்த வேண்டும். இறக்குமதிப் பொருள்கள் மீது வெறும் 5 விழுக்காடு வரி விதிப்பதற்கான யோசனையை 1782-இல் ரோட் ஐலண்ட் என்ற சின்னஞ்சிறு மாநிலம் தனியாக நின்று வீழ்த்தியது. மீண்டும் முயன்றபோது நியூயார்க் முட்டுக்கட்டை போட்டது. தன் துறைமுகத்தில் குவியும் சுங்க வருவாயைப் பிறரோடு பகிர அதற்கு மனமில்லை. இதனிடையே, கடனை அடைக்க மாசசூசெட்ஸ் விதித்த கடும் வரிகளால் நிலமிழக்கும் நிலைக்குத் தள்ளப்பட்ட விவசாயிகள் 1786-இல் ஆயுதம் ஏந்தினர். 1787-இல் பிலடெல்பியாவில் புதிய அரசமைப்புச் சட்டம் எழுதப்பட்டதன் பின்னணியில் இந்த வெறுங்கஜானாவும் உண்டு.

புதிய அரசின் முதல் பெருஞ்சோதனையும் கடன்தான். 1790 ஜனவரியில் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் தன் அறிக்கையை அளித்தார். கூட்டாட்சியின் சொந்தக் கடன் சுமார் 5.4 கோடி டாலர். அதனுடன், மாநிலங்கள் போருக்காக வாங்கியிருந்த சுமார் 2.5 கோடி டாலர் கடனையும் கூட்டாட்சி அரசே ஏற்க வேண்டும் என்றார் அவர். மாசசூசெட்ஸும் தென் கரோலினாவும் வரவேற்றன. அவற்றின் கடன் பெரிது. தன் கடனில் பெரும்பகுதியை முன்பே தீர்த்துவிட்ட வர்ஜீனியா கொதித்தெழுந்தது. ஒழுங்காகக் கடன் கட்டியவர்கள், கட்டாதவர்களுக்காக மீண்டும் ஏன் வரி செலுத்த வேண்டும் என்பது அதன் கேள்வி. (கடன் தள்ளுபடி குறித்த எந்த விவாதத்திலும் எழும் நியாயமான கேள்விதான் இது.) ஏப்ரலில் பிரதிநிதிகள் சபை இந்தத் திட்டத்தை நிராகரித்தது.

இந்தப் பிரிவினையை வடக்கு, தெற்கு என்று வரைவது தவறு என்பதைக் கவனிக்க வேண்டும். தென் கரோலினா மாசசூசெட்ஸின் பக்கம் நின்றது. கோட்டைத் தீர்மானித்தது நிலவரைபடம் அல்ல, நிலுவைத்தொகை.

தீர்வு ஜூன் மாதம் தாமஸ் ஜெஃபர்சனின் விருந்து மேசையில் கிட்டியது என்பார்கள். வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மேடிசன் எதிர்ப்பைத் தளர்த்துவது, கைமாறாகத் தலைநகரை 10 ஆண்டுகளுக்குப் பிலடெல்பியாவில் வைத்துவிட்டுப் பிறகு வர்ஜீனியாவை ஒட்டிய போட்டோமாக் நதிக்கரைக்குக் கொண்டுசெல்வது என்பதே ஏற்பாடு. விருந்துக் கதை சுவையானது. என் மதிப்பீட்டில், விருந்தைவிட முக்கியமானது அதிகம் பேசப்படாத இன்னொரு சலுகை. மாநிலங்களின் போர்ச் செலவுக் கணக்கைத் தீர்க்கும் விதிகள் வர்ஜீனியாவுக்கு ஏற்றவாறு தளர்த்தப்பட்டன. தோற்கும் தரப்புக்கும் கையில் ஏதோ ஒன்று கிடைத்தது. பணம் பிரிக்கக்கூடியது; அதனால்தான் பணத்தைப் பற்றிய சண்டைகள் தீரக்கூடியவையாக இருக்கின்றன.

ஆனால், அதே 1790-இல் அதே அவைக்கு இன்னொரு மனுவும் வந்தது. அடிமை வணிகத்துக்கும் அடிமை முறைக்கும் எதிரான அந்த மனுவில் கையொப்பமிட்டிருந்தவர் முதியவரான பெஞ்சமின் பிராங்க்ளின். அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 39 லட்சம் பேர் கொண்ட நாட்டில் ஏறத்தாழ 7 லட்சம் பேர் அடிமைகள். மாநிலங்களுக்குள் அடிமைகளை விடுவிப்பதிலோ நடத்துவதிலோ தலையிடத் தனக்கு அதிகாரமில்லை என்று மார்ச் மாதம் பிரதிநிதிகள் சபை கைகழுவியது. மாநிலங்களின் கடனைச் சுமக்கும் அதிகாரம் அரசமைப்பில் எங்கே எழுதியிருக்கிறது என்ற கேள்விக்கு விடை கண்ட நாடாளுமன்றம், இந்தக் கேள்வியில் மட்டும் சட்டப் புத்தகத்தை மூடி வைத்தது.

அதன்பின் வந்த 40 ஆண்டுகளில் 'மாநில உரிமை' என்ற முழக்கம் பிராந்தியம் பிராந்தியமாக இடம் மாறியதைக் காணலாம். 1798-இல் அரசை விமர்சிப்போரைத் தண்டிக்கும் சட்டத்தை எதிர்த்து ஜெஃபர்சனும் மேடிசனும் அதைக் கையிலெடுத்தனர். ஜெஃபர்சன் அதிபராகி 1807-இல் வெளிநாட்டு வணிகத்துக்குத் தடை விதித்தபோது, கப்பல்களை நம்பியிருந்த நியூ இங்கிலாந்து அதே முழக்கத்தைப் பிடித்துக்கொண்டது. 1814 டிசம்பரில் அந்தப் பகுதியின் 26 பிரதிநிதிகள் ஹார்ட்ஃபோர்டில் கூடித் தெற்கின் ஆதிக்கத்தைக் கட்டுப்படுத்தக் கோரினர். அவர்கள் வாஷிங்டனுக்கு ஆள் அனுப்பிய வேளையில் போர் முடிந்த செய்தி வந்து, கோரிக்கைகள் கேலிக்குள்ளாயின.

தனிமனிதர்களும் விலக்கல்லர். 1816-இல் தொழில்களைக் காக்கும் இறக்குமதி வரியை ஆதரித்தவர் தென் கரோலினாவின் ஜான் கால்ஹூன். எதிர்த்தவர் டேனியல் வெப்ஸ்டர். 1828-இல் வரி கடுமையாக உயர்ந்தபோது வெப்ஸ்டர் ஆதரித்தார். துணை அதிபராக இருந்த கால்ஹூனோ, கூட்டாட்சிச் சட்டத்தை ஒரு மாநிலம் செல்லாததாக்கலாம் என்ற கோட்பாட்டைத் தன் பெயரை மறைத்து எழுதினார். இடைப்பட்ட ஆண்டுகளில் நியூ இங்கிலாந்தின் மூலதனம் கப்பலிலிருந்து நெசவாலைக்கு நகர்ந்திருந்தது. தெற்கின் எதிர்காலம் பருத்தி ஏற்றுமதியோடு பிணைந்துபோனது.

இறக்குமதி வரியால் நூற்றுக்கு 40 பருத்திப் பொதிகளைத் தாங்கள் இழப்பதாகத் தெற்கின் தலைவர்கள் முழங்கினர். அந்தக் கணக்கு மிகைப்படுத்தப்பட்டது. எனினும், இறக்குமதி மீதான வரியின் சுமையில் ஒரு பங்கு ஏற்றுமதியாளர் தலையில் விழும் என்பது வகுப்பறையில் நான் ஆண்டுதோறும் விளக்கிய பாடம். அவர்களது மனக்குறை முழுப் பொய்யன்று.

1832 நவம்பரில் தென் கரோலினா அந்த வரிச் சட்டங்கள் தன் எல்லைக்குள் செல்லாது என அறிவித்தது. அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன், தானும் தெற்கின் தோட்ட முதலாளியாக இருந்தும், இது தேசத்துரோகம் என எச்சரித்தார். 1833 மார்ச்சில் படைபலத்தைப் பயன்படுத்த அனுமதிக்கும் சட்டமும், வரியைப் படிப்படியாக 1842-க்குள் 20 விழுக்காட்டுக்குக் குறைக்கும் சட்டமும் ஒருசேர நிறைவேறின. பின்னதை வடிவமைத்தவர் ஹென்றி கிளே. மீண்டும் ஒரு பேரம், மீண்டும் அமைதி. தென் கரோலினா தன் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. வீம்புக்காகப் படைபலச் சட்டத்தைச் செல்லாததாக்கிவிட்டு ஒதுங்கியது.

தீர்ந்தது வரிச் சிக்கல் மட்டும்தான். வரி ஒரு சந்தர்ப்பமே, உண்மைக் காரணம் தெற்கின் அடிமை முறைதான் என்று கால்ஹூனே 1830-இல் ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டிருந்தார். வரியைக் குறைக்கும் அரசு நாளை அடிமைகளையும் விடுவிக்கலாம் என்ற அச்சம் எந்தச் சமரசச் சட்டத்திலும் இடம்பெறவில்லை. பேரம் பேசியவர்களின் மேசையில், யாருடைய உழைப்பு பருத்தியாக விளைந்ததோ அவர்களுக்கு நாற்காலி இல்லை. 1790-இல் 7 லட்சமாக இருந்த அவர்களின் எண்ணிக்கை 1860-இல் 40 லட்சத்தை நெருங்கியது.

1860 டிசம்பரில் ஒன்றியத்திலிருந்து முதலில் வெளியேறியதும் தென் கரோலினாதான். அப்போது இறக்குமதி வரி பல பத்தாண்டுகளில் காணாத அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பிரிவதற்கான காரணங்களை விளக்கி அந்த மாநிலம் வெளியிட்ட நீண்ட பிரகடனத்தில் அடிமை முறை திரும்பத் திரும்ப வருகிறது. இறக்குமதி வரியைப் பற்றி அதில் ஒரு வரி கூட இல்லை.