பிரமிடைக் கட்டியவனும் படத்தில் வரட்டும்

எகிப்தின் பழம்பெருமையைப் போற்றும் வகையில் அந்நாட்டுப் பள்ளி மாணவர்களைக் குறும்படம் எடுக்கச் சொல்லிப் போட்டி வைப்பது வரவேற்கத்தக்க ஏற்பாடு. ராஜாக்களின் பெயர்களை நெட்டுருப் போடுவதைவிட, காமிராவுடன் கிஸாவுக்கும் லக்ஸாருக்கும் போய் நேரில் பார்ப்பது எவ்வளவோ மேல்.

ஆனால், எது பெருமை? பிரமிடையும், துட்டன்காமனின் தங்க முகமூடியையும், ராம்சேஸின் சிலையையும் சுற்றிச் சுற்றி எடுத்து, பின்னணியில் முரசு கொட்டினால் போதுமா? உல்லாசப் பயணிகளுக்கான விளம்பரப் படங்கள் அதைத்தானே செய்கின்றன! அதற்குப் பள்ளிக்கூடம் எதற்கு?

மன்னர்களுக்குக் கல்லறை குடைந்த தொழிலாளர்கள், லக்ஸாருக்கு எதிரே நைல் நதியின் மேற்குக் கரையில், டெய்ர் எல் மதீனா என்ற கிராமத்தில் குடியிருந்தார்கள். சுண்ணாம்புக் கல் சில்லில் எழுதிய அவர்களுடைய வருகைப் பதிவேடு ஒன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. இரண்டாம் ராம்சேஸின் 40-ஆவது ஆட்சியாண்டைச் சேர்ந்தது அது. 40 தொழிலாளர்களின் பெயர்கள், அவர்கள் வராத நாட்கள், வராததற்குக் காரணம், எல்லாம் அதில் உண்டு. காரணங்கள் சிவப்பு மையில்! ஒருவனைத் தேள் கொட்டிவிட்டது. ஒருவனுக்குக் கண்நோய். ஒருவன் பீர் காய்ச்ச வீட்டில் நின்றுவிட்டான். 3,200 ஆண்டுகளுக்கு முன் ஒரு குமாஸ்தா எழுதிய கணக்கு இது.

அதே கிராமத்தில், மூன்றாம் ராம்சேஸின் 29-ஆவது ஆட்சியாண்டில், ஏறக்குறைய கி.மு. 1157-இல், கூலியாக அளக்க வேண்டிய தானியம் பாக்கி விழுந்தது. தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கோயில்களின் அருகே போய் உட்கார்ந்துகொண்டார்கள். பசிக்கிறது என்று முறையிட்டார்கள். தானியமும் வந்தது. சரித்திரத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் இதுதான் என்பது அறிஞர்கள் கருத்து. அதைச் சொல்லும் பாபிரஸ் ஏடு இத்தாலியில், டூரின் நகரில் இருக்கிறது.

கூலிப் பாக்கியையும் தேள்கடியையும் படம் எடுப்பதா நாட்டுக்குப் பெருமை என்று கேட்பவர்கள் இருக்கலாம். எகிப்தின் தலைசிறந்த டைரக்டர்களில் ஒருவரான ஷாதி அப்தெல் சலாம் 1970-இல் எடுத்த குறும்படத்தை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். பொருளைப் பறிகொடுத்த ஒரு குடியானவன் அதிகாரியின் முன் நின்று நியாயம் கேட்கும் பழைய எகிப்தியக் கதையே அந்தப் படம். அதில் கதாநாயகன் மன்னன் அல்ல; வாய்ச்சொல் ஒன்றையே ஆயுதமாகக் கொண்ட ஏழை. அதனால் எகிப்தின் மதிப்பு குறைந்துவிடவில்லை.

அபு சிம்பெல் கோயிலின் கதையும் அப்படித்தான். அஸ்வான் அணை நீரில் மூழ்காதபடி 1964 முதல் 1968 வரை அதை அறுத்தெடுத்து மேட்டில் வைத்ததை உலகமே புகழ்ந்தது. அதே அணைக்காக நூபிய மக்கள் ஊர் ஊராக மூட்டை கட்டினார்கள். கோயிலைப் படம் எடுக்கும் மாணவன் அந்தக் குடும்பங்களின் பாட்டன்மாரிடமும் நாலு வார்த்தை கேட்கட்டும்.

இவற்றைப் படமாக்க அரண்மனை செட்டும் தேர்ப்படையும் தேவையில்லை. பத்துத் தோழர்களும் ஒரு வெட்டவெளியும் இருந்தால் போதும். ஏழைப் பள்ளிக்கூடமும் போட்டியில் சமமாக நிற்க முடியும். தங்கத்தின் பளபளப்பைக் கண்டு மயங்காமல், உழைத்தவனைத் தேடிப் போன மாணவனுக்கே நடுவர்கள் முதல் பரிசைக் கொடுக்க வேண்டும்.